விளக்கு அணையும் வரை

“எந்திரிக்காதீங்க சார்.”

“நின்னுடுச்சேம்மா.”

“என்ன நின்னுடுச்சு?”

“ஃப்ளைட்டு.”

“ஃப்ளைட்டு நின்னுடுச்சு. விளக்கு அணையலையே சார்.”

“கதவைத் திறந்தாச்சு. படிக்கட்டும் போட்டாச்சு. அதோ பஸ்ஸு நிக்குது. டிரைவர் கொட்டாவி விடுறது இங்கருந்தே தெரியுது.”

“தெரியட்டும் சார். உக்காந்துக்கிட்டே பாருங்க.”

பாதி எழுந்திருந்த அந்த வழுக்கைத்தலைக்காரர் மீதிப் பாதியை எழுப்பாமல் அப்படியே அமர்ந்தார். பெல்ட்டை மாட்டினார். அவருக்கு மேலே, எல்லோருக்கும் மேலே, பெல்ட் படம் போட்ட சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவரை உட்கார வைத்த பணிப்பெண், இனிமேல் இப்படி எத்தனை பேரை உட்கார வைக்க வேண்டுமோ என்ற கவலையோடு விமானத்தின் பின்பக்கம் நடந்தாள்.

அந்த விமானத்தில் வேலை பார்ப்பவர்களில் வயதிலும் அனுபவத்திலும் கடைசி ஆள் அவள்தான். அதனால் அவளைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு மேலே இருப்பவள் தலைமைப் பணிப்பெண். அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். கேப்டன்கூட ஒலிபெருக்கியில் ஒருமுறை தவறிப்போய் அக்கா என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நிறுவனத்தில் விளக்குதான் எல்லாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் புதியவர்களை ஓர் அறையில் நிறுத்தி, சுவரில் பதித்த அந்த மஞ்சள் விளக்கின் முன்னால் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். “விளக்கு எரிகையில் எவரும் எழார்” என்பது அதன் கடைசி வரி. பயிற்சி கொடுத்த அம்மாள் அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் கண்கலங்குவார். எழக் கூடாதவர்களில் பயணி, பிரமுகர், கைக்குழந்தை எல்லோரும் அடக்கம். எழுந்து நடமாடும் உரிமை பணியாளர்களுக்கு மட்டும். விளக்கே கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மாள் அழுதிருப்பார்.

இப்போது விளக்கு கெட்டுப்போயிருந்தது. ஏன் கெட்டுப்போனது என்று அந்த விமானத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

விமானத்தின் பின்கோடியில், காபி டீ போடும் மூலையைப் பணியாளர்கள் பின்கட்டு என்பார்கள். அங்கே சுவரில் ஒரு சின்னத் திரை. விளக்குகளும் மணிகளும் அதற்குள்தான் குடியிருக்கின்றன. திரைக்கு மேலே ஒரு சிறு விளிம்பு. காகிதக் கோப்பை ஒன்று சொல்லிவைத்த மாதிரி அதில் உட்காரும். அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தாளின்மேல் வட்ட வட்டமாகக் கறை. வேலைக்கு வந்த புதிதில் அக்காதான் சின்னவளுக்குக் கற்றுக்கொடுத்தாள்: “வலது ஓரமா வைடி. குலுங்கினாலும் நிக்கும்.”

இன்று சின்னவள் இடது ஓரமாக வைத்துவிட்டாள். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. டீயைக் குடித்துக் கோப்பையை எறிந்திருக்க வேண்டிய நேரம். அவளோ ஜன்னலுக்கு வெளியே, மேகத்தின் மீது விழுந்த விமானத்தின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழலைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம். அது கூடவே ஓடிவந்தது. விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ முழுதும் திரையின் இடுக்கில் இறங்கியது.

துடைத்தாள். வெளியே இருந்ததைத் துடைக்க முடிந்தது. உள்ளே போனது உள்ளே போனதுதான். திரை, தும்மல் வரப்போகும் ஆள்போல ஒரு கணம் முகத்தைச் சுளித்தது. பிறகு “டிங்” என்றது.

இருபத்திரண்டாம் வரிசை ஜன்னல் இருக்கைக்கு மேலே அழைப்பு விளக்கு எரிந்தது. சின்னவள் ஓடினாள்.

“கூப்பிட்டீங்களா சார்?”

“இல்லையேம்மா. மன்னிச்சுக்குங்க.”

விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். டிங். மறுபடி அதே இருக்கை.

“நான் தொடவே இல்லம்மா. முழங்கை பட்டிருக்குமோ? மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல சார்” என்றாள் சின்னவள்.

டிங். மன்னிப்பு. பரவால்ல. தரை தொடும்வரை இப்படியே நடந்தது. செய்தது இவள், மன்னிப்புக் கேட்டது அவர், பெரிய மனது பண்ணி மன்னித்தது இவள்.

விமானம் நின்ற பிறகும் பெல்ட் விளக்கு அணையவில்லை. கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார்: “தரையிறக்குவது என் பொறுப்பு. இறக்கிவிட்டேன். என் பக்கத்து சுவிட்சை அணைத்தும் விட்டேன். அதற்குப் பிறகும் எரிகிற விளக்கு என் விளக்கல்ல. நன்றி.” அதன்பின் அவர் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

முதலில் மெக்கானிக் வந்தார். தோளில் கருவிப் பை, வாயில் எதையோ மென்றபடி, இரண்டு நிமிஷ வேலை என்ற முகத்தோடு படியேறி உள்ளே காலை வைத்தார். அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

“உக்காருங்க.”

“எதுக்கு?”

அக்கா மேலே கையைக் காட்டினாள்.

“அதை அணைக்கத்தாம்மா வந்திருக்கேன்!”

“அது அணைஞ்சதும் எந்திரிச்சு வந்து அணைங்க.”

மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், எங்களுக்கு இல்லாத சலுகை உனக்கு மட்டும் ஏன் என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். கருவிப் பையை இருக்கைக்கு அடியில் தள்ளச் சொன்னாள் அக்கா. தள்ளினார்.

“சரி, நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. பின்னாடி திரைக்குக் கீழ ஒரு மூடி. கழட்டினா உள்ள சிவப்பா ஒரு ஸ்விட்ச். ஒரு தடவை அமுக்கி விட்டா போதும்.”

“கருவியைத் தொடுறது எங்க வேலை இல்ல” என்றாள் அக்கா.

“அப்ப நான் எந்திரிக்கிறேன்.”

“விளக்கு எரியும்போது எந்திரிக்கிறது உங்க வேலை இல்ல.”

மெக்கானிக்கைக் காணோமே என்று தேடி அவருடைய மேற்பார்வையாளர் வந்தார். பத்தாம் வரிசை. சுத்தம் செய்ய இரண்டு பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். பதினான்காம் வரிசை, துடைப்பங்களை மடியில் நிறுத்தி, அவற்றையும் சேர்த்துப் பெல்ட் போட்டார்கள். எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று கேட்க வந்த பஸ் டிரைவருக்கு இனி நிற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விமானம் பறந்தபோது இருந்ததைவிடத் தரையில் நின்றபோது கூட்டம் அதிகம்.

சின்னவள் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போனாள். இருபத்திரண்டாம் வரிசையில் ஜன்னலோர மனிதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

“அவசரமா போகணுமா சார்?”

“இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல.” பிறகு, கேட்டவளை ஏமாற்றக் கூடாது என்பதுபோல், “பொண்ணைப் பாக்க வந்தேன்” என்றார். “அவங்கம்மாகூட இந்த ஊர்ல இருக்கா. மாசத்துல ஒரு மத்தியானம் எனக்கு. சாயங்காலம் ஆனதும் திருப்பி விட்டுடணும்.”

“எந்த கிளாஸ் படிக்கிறா?”

“ஆறாவது. நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். மூக்குக் கண்ணாடி. அவளுக்குக் கண்ணாடி நான்தான் சரி பண்ணுவேன். வளர்ற புள்ளையில்ல, மாசா மாசம் காதுகிட்ட இறுக்கிக்கிடும். இங்க ஒரு கடையிலயும் காட்ட மாட்டா. அப்பா வரட்டும்னு வலியோடவே போட்டுக்கிட்டுத் திரிவா.” சிரித்தார். “ரயில்ல வந்தா ரெண்டு நாள் ஆகும். கடையை அவ்வளவு நாள் பூட்ட முடியாது. அதான் ஃப்ளைட்டு.”

டிங் என்றது. அவர் தலைக்கு மேலேதான்.

“மன்னிச்சுக்குங்கம்மா” என்றார்.

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. “சீக்கிரம் அணைஞ்சிடும் சார்” என்று மட்டும் சொன்னாள்.

பின்கட்டுக்குப் போய் அக்காவிடம் கிசுகிசுத்தாள். “அக்கா, டீ கொட்டிடுச்சு. என்னோடது. திரைக்குள்ள.”

அக்கா திரையைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

“வேற யாருகிட்ட சொன்ன?”

“யாருகிட்டயும் இல்ல.”

“நல்லது. அங்க கப்பு வைக்கிறது நீ மட்டும் இல்லடி. நீ வாயைத் திறந்தா, வைக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு கேப்பாங்க. எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். நீ சொல்லு, நான் தடுக்கல. ஆனா யோசிச்சுட்டுச் சொல்லு.”

சின்னவள் யோசிக்கத் தொடங்கினாள். யோசிப்பதில் ஒரு வசதி இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் ஒழுங்கு அதிகாரி வந்தார். எந்த விமானத்தில் எது பழுதானாலும் விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அந்த உறுதிமொழியை எழுதியவரும் அவரே. வாசலில் அக்கா தயங்கினாள். அவர் தயங்கவில்லை. விளக்கை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரே இடத்தில், பஸ் டிரைவருக்கும் ஒரு கைக்குழந்தைக்காரிக்கும் நடுவே அமர்ந்து, பெல்ட்டை வயிறு பிதுங்க இறுக்கிக்கொண்டார். மைக்கை நீட்டச் சொன்னார்.

“பயணிகளே! இந்த விளக்கை யாரும் திட்டாதீங்க. இது என் தலைமையில ஒரு குழு போட்டு, தேடித்தேடி வாங்கின விளக்கு. விக்க வந்தவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், இது பாதியில அணைஞ்சுடாதேன்னு. ‘அணையவே அணையாது சார்’னு வாக்குக் குடுத்தார். வாக்கைக் காப்பாத்தியிருக்கார். கைதட்டுங்க.”

சிலர் தட்டினார்கள்.

“ஃப்ளைட்டுதான் தரைக்கு வந்துடுச்சேன்னு கேக்குறீங்க. ஜன்னல்ல பாத்தேன்னு சொல்றீங்க. ஜன்னல் ஏமாத்தும், கண்ணு ஏமாத்தும், விளக்கு ஏமாத்தாது. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலயே இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கேன். அது அணையாம யாரும் எந்திரிக்க மாட்டோம். என் வீட்டுக்காரி மட்டும் போன வருஷம் ஒரு நாள் எரியும்போதே எந்திரிச்சுப் போனா. இன்னும் வந்து சேரல. அதுலருந்து என்ன தெரியுது? விளக்கு சொன்னதுதான் சரி.”

கைக்குழந்தை வீறிட்டது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சிக்கலை அவிழ்க்க இறங்கினார். தொடத் தெரிந்தவர் எழக் கூடாது. எழக் கூடியவர் தொடக் கூடாது. நெற்றியைத் தேய்த்தார். விதி எதையும் மாற்றாமல் ஆளை மாற்றிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மெக்கானிக்கைப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டால் அவர் எழலாம். எழுந்தால் தொடலாம்.

“எனக்குச் சிரிச்ச முகமெல்லாம் வராது சார்” என்றார் மெக்கானிக்.

“வரவழைச்சுக்கணும்.”

பயிற்சி அங்கேயே நடந்தது. மெக்கானிக் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டி அவசர வழிகளைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் மூக்கில் குத்து வாங்கினார். காற்றடைக்கும் சட்டையைப் போட்டு ஊதினார். “காபியா, டீயா?” என்று எரிச்சல் தெரியாமல் கேட்கச் சொன்னார்கள். நாலாவது முயற்சியில் தேறினார். அக்கா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கழுத்தில் கட்டினாள். நெஞ்சில் கை வைத்து அவர் உறுதிமொழி சொன்னபோது குரல் தழுதழுத்தது. எழுந்து நின்றார். பையை எடுப்பதற்கு முன், காலை நீட்டி உட்கார்ந்திருந்த தன் மேற்பார்வையாளரைப் பார்த்து, “காலை உள்ள இழுங்க சார். நடக்கிற வழி” என்றார்.

பின்கட்டில் அவர் மூடியைக் கழற்றியதும் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே எல்லாம் பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. சின்னவள் பக்கத்தில் நின்றாள்.

“டீயா?” என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் தலையசைத்தாள். “அதிகாரிகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. எனக்கு வாய் வரல.”

மெக்கானிக் கழுத்துத் துணியை நீவிவிட்டுக்கொண்டார். “காலையில கேட்டிருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேம்மா. இப்ப எப்படி? நம்ம ஆளை நாமே காட்டிக் குடுக்கிறதா?” ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தார். சிவப்பு ஸ்விட்சை அமுக்கினார்.

விளக்கு அணைந்தது.

விமானம் முழுக்க ஒரே கணத்தில் பெல்ட்டுகள் படபடவெனக் கழன்றன. எல்லோரும் எழுந்து தலைக்கு மேலிருந்த பெட்டிகளை இழுத்தார்கள். “ஒரு நிமிஷம்!” என்றது மைக். “குத்தவாளி யாருன்னு தெரியாம யாரும் இறங்க முடியாது.”

எழுந்தவர்கள் கூட்டமாகக் கத்தினார்கள். கத்தலில் பாதி, குற்றவாளியைச் சீக்கிரம் பிடியுங்கள் என்பதுதான்.

அதிகாரி சின்னவளையும் அக்காவையும் முன்னால் அழைத்தார். “நம்ம கருவி தானா கெடாது. ஏன்னா நாம வாங்கினது. ஆகவே யாரோ கெடுத்திருக்காங்க. இறங்கும்போது ஏதாச்சும் வித்தியாசமா நடந்துச்சா?”

அக்கா மெல்லச் சொன்னாள்: “பெல் சத்தம் ஓயாம வந்துச்சு சார்.”

சின்னவள் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தாள். “சார், ஒருவேளை... டீ கீ ஏதாச்சும் கொட்டியிருந்தா...”

“டீயா?” அதிகாரி சிரித்தார். “நம்ம டீ எப்படிம்மா கொட்டும்? அந்தக் கப்பையும் தேர்ந்தெடுத்தது என் குழுதான். கொட்டவே கொட்டாத கப்பு. நீ சின்னப் பொண்ணு, பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற நல்ல மனசு உனக்கு. இதை நான் மேலிடத்துக்கு எழுதுறேன்.”

நான்தான் கொட்டினேன் என்று இன்னும் தெளிவாக ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். ஆனால் அவர் சிரித்தபோது அவளுக்குள்ளே எதுவோ இறுக்கம் தளர்ந்து, அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எந்த சீட்டு பெல்லு?” என்று கேட்டார் அதிகாரி. “நீதானே போய்ப் பாத்த?”

“இருபத்திரண்டு சார். ஜன்னல் சீட்டு பெல்லுதான் அடிச்சுது.”

அந்தப் பதிலில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதை அவள் பிறகு எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் இருக்கப்போவதில்லை.

தீர்ப்பை மைக்கில் வாசித்தார்கள். ஓயாமல் மணியடித்து விளக்கின் மனம் நோகச் செய்த குற்றத்துக்காக, இருபத்திரண்டாம் வரிசை ஜன்னல் இருக்கைப் பயணி இரண்டு ஆண்டுகளுக்கு எந்த விமானத்திலும் ஏறக் கூடாது. இப்போது அவரைக் கீழே அலுவலகத்துக்கு அழைத்துப் போய் மேற்கொண்டு விசாரிப்பார்கள். பயணிகள் கைதட்டினார்கள். இம்முறை யாரும் தட்டச் சொல்லவில்லை. “இந்த ஆளாலதானா?” என்றார் வழுக்கைத்தலைக்காரர். துடைப்பத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, “பாத்தா பாவமா இருக்காரு, வேலையைப் பாரு” என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வரிசையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்து வந்தார். கழுத்துத் துணி கட்டிய மெக்கானிக், “இந்தப் பக்கம் சார், பாத்துக் கால் வைங்க” என்று சிரித்த முகத்தோடு வழி காட்டினார்.

வாசலருகே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். வந்து போகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டிய இடம் அது. அவர் அவள் முன்னால் நின்றார்.

“ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்மா உங்களை. அத்தனை தடவை ஓடி வந்தீங்க. ஒரு தடவைகூட முகம் சுளிக்கல.”

“சார்...”

“எனக்கே தெரியல. பட்டிருக்கும்தான் போல. நாம ஒண்ணும் செய்யாம இவ்வளவு பேர் சொல்ல மாட்டாங்கல்ல?”

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு படி இறங்கினார். இறங்கியவர் திரும்பி, படிக்கட்டில் நின்றபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தின் நடுவே கேட்கக் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா, ஒரே ஒரு உதவி. வெளியே வர்ற இடத்துல கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எம்பொண்ணு நிப்பா. என்னை இவங்க கூட்டிக்கிட்டுப் போறதைப் பாப்பா. அவங்கம்மாவும் பாப்பாங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க யூனிஃபார்ம்ல இருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவா. போற வழியில அவகிட்ட ஒரு வார்த்தை, உங்கப்பா வேணும்னு எதுவும் பண்ணலன்னு மட்டும் சொல்லிடுறீங்களாம்மா?”